பின்பனியும் பேகன் போர்வையும்

ஓராண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்த நம் முன்னோர், வெயிலுக்கு இரண்டும் பனிக்கு இரண்டுமாகப் பொழுதுகளை ஒதுக்கினர். வெயிலைப் பிரிக்கும்போது இளவேனில் என்றும் முதுவேனில் என்றும், ஓர் உயிர் வளர்ந்து முதிர்வதைப் போலப் பெயரிட்டனர். பனியைப் பிரிக்கும்போது அவ்வாறு செய்தாரில்லை. முன்பனி என்றனர், பின்பனி என்றனர். வேனில் முதிர்கிறது, பனியோ முன்னே வருகிறது, பின்னும் நிற்கிறது. விடைபெற்றுக்கொண்ட விருந்தினர் வாயிற்படியில் நின்று மேலும் ஒரு நாழிகை பேசுவது போன்ற அந்த இருப்புக்கு மாசி, பங்குனி ஆகிய இரு திங்களையும் முழுமையாக எழுதிக் கொடுத்துவிட்டனர். முன்னிரவில் விழுவது முன்பனி, பின்னிரவில் விழுவது பின்பனி என்று பொருள் கொள்வாரும் உளர். அதுவும் நம் கருத்துக்கு மாறன்று. பின்னிரவில் விழும் பனி, ஊர் உறங்கிய பிறகு விழும் பனி. விழித்திருப்போர் மட்டுமே அறியும் பனி. இப்பகுப்பை நாம் நெடுநாள் வெறும் கணக்காகவே கருதி வந்தோம். அதனுள் ஓர் அறக்கேள்வி அடங்கியிருப்பது மும்பையில் ஒரு பிப்ரவரித் திங்களில்தான் நமக்குப் புலனாயிற்று.

பிந்தி நிற்கும் குளிருக்குப் பெயர் வைத்தவர் நாம் மட்டும் அல்லர். காசுமீர மக்கள் டிசம்பர் 21 முதல் நாற்பது நாளைச் சில்லை கலான் என்பர், அதாவது பெருங்குளிர். அதன்பின் இருபது நாள் சில்லை குர்து, சிறுகுளிர். அதற்கும் பின் பத்து நாள் சில்லை பச்சா, குழந்தைக் குளிர். போகின்ற குளிரைக் குழந்தை என்று அழைத்த அம்மக்களின் உள்ளம் பெரிது. சப்பானியர், செர்ரி மலர்கள் விரிந்த பின் திரும்பி வரும் குளிரை மலர்க்குளிர் என்னும் பொருள்பட ஹனாபியே என்பர். செருமானிய நாட்டு உழவர் மே நடுவில் வரும் சில புனிதர்களின் திருநாள்களைப் பனிப் புனிதர் நாள்கள் என்று சொல்லி, அவை கழியும்வரை மென்பயிர்களை நிலத்தில் நடாமல் காத்திருப்பது வழக்கம். நம் பாட்டிமார் இத்தனை விரிவாகப் பேசவில்லை. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்றார்கள். போர்வையை இழுத்து மூடிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். புல்நுனியில் நிற்கும் துளியும், உதகையில் புல்வெளியை வெண்மையாக்கும் உறைபனியும், இமயத்தில் ஆளுயரத்துக்குக் குவியும் வெண்பனியும் நம் மொழியில் பனி என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். சொல்வளம் குறைவு என்று இதனைச் சிலர் குறை கூறுவர். நமக்கோ அது உண்மைக்கு நெருங்கியதாகவே தோன்றுகிறது. ஏனெனில், மாட்டுங்காவில் நம் வீட்டுச் சன்னல் கம்பியில் குளிராய் வந்து நிற்பது, காசுமீரத்திலும் இமாசலத்திலும் வெண்பனியாய் விழுந்த அதே பொருளின் மறுமுகம். நடுநிலக்கடல் பக்கமிருந்து கிளம்பும் காற்றுச்சுழல்கள் ஈரானையும் ஆப்கானித்தானையும் கடந்து வந்து இமயத்தில் பனியைக் கொட்டுகின்றன. அவை கிழக்கே நகர்ந்ததும், அவற்றின் பின்னால் வறண்ட வடகாற்று இறங்கி இராசத்தானம், குசராத்து வழியாகக் கொங்கணக் கரைவரை வருகிறது. அரபிக்கடல் இந்நகருக்குப் போர்த்தியிருக்கும் வெதுவெதுப்பை அந்தக் காற்று சில நாளைக்கு விலக்கிவிடுகிறது. பிப்ரவரியிலோ மார்ச்சுத் தொடக்கத்திலோ மலையில் காலம் கடந்து பனி விழுந்தால், அதன் செய்தி இரண்டொரு நாளில் தாராவித் தகரக் கூரைமேல் வந்து சேரும்.

2008ஆம் ஆண்டு பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் அவ்வாறுதான் நேர்ந்தது. அத்திங்களில் மும்பையின் இரவு வெப்பம் வழக்கமாக 17, 18 செல்சியஸ் பாகை அளவில் இருக்கும். அவ்வாண்டு அது 10 பாகைக்கும் கீழே இறங்கியது. 1962 ஜனவரியில் 7.4 பாகை வரை இறங்கியதாகப் பதிவு உண்டு. ஆனால் அது நடுக்குளிர்காலத்தில் வந்தது. இது பொங்கல் முடிந்து, கரும்புச் சக்கையும் காய்ந்து, மாசி பிறக்கச் சில நாளே இருந்தபோது வந்தது. மாசி பிறக்கவே இல்லையே, பின்பனி என்று எவ்வாறு சொல்லலாம் என்று பஞ்சாங்கம் அறிந்த அன்பர் கேட்கலாம். ஞாயிறு வடக்கு நோக்கித் திரும்புவது இன்று டிசம்பர் 21 அல்லது 22இல். நாம் தை பிறந்தது என்று பொங்கலிடுவதோ ஜனவரி 14 அல்லது 15இல். ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாளாக விலகி விலகி, நம் திங்கள் கணக்கு இருபத்து நான்கு நாள் அளவில் பிந்தி நிற்கிறது. ஆகவே, குளிர் பிந்தியது என்று நாம் குறைப்பட்டுக்கொண்ட அந்த நாளில், பிந்தியிருந்தது நம் நாட்காட்டியும்தான்.

மாட்டுங்காவில் அந்த வாரம் ஒரு திருவிழாவைப் போல இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆண்டு முழுதும் வேர்வையில் நனைந்து வாழும் நகரத்தார்க்குக் குளிர் ஓர் ஆடம்பரப் பொருள். மராத்தி மக்கள் அதனைக் குலாபி தண்டி என்பர். உரோசா நிறக் குளிர். கிங்ஸ் சர்க்கிள் பூங்காவைச் சுற்றி விடியலில் நடப்போர் கூட்டம் இருமடங்காயிற்று. பரணில் கிடந்த கம்பளிச் சட்டைகள் அந்துருண்டை மணத்தோடு இறங்கி வந்தன. குரங்குக் குல்லாய் அணிந்த முதியோர் காபிக்கடை வாயில்களில் நின்று, தஞ்சாவூரில் தாம் கண்ட மார்கழியைப் பற்றிப் பேசினர். இரண்டாவது குவளைக் காபிக்கு அன்று எவருக்கும் காரணம் தேவைப்படவில்லை. மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது உண்மைதான். மூன்றாம் மாடியிலிருந்த நம்மையும் அது துளைத்தது. ஆயினும், துளைபட்டதில் நமக்கு மகிழ்ச்சியே இருந்தது.

இரயில் பாதையைத் தாண்டினால் தாராவி. அங்கும் மச்சு உண்டு. பத்தடிக்குப் பத்தடி அறையின் மேல் பலகையும் தகரமும் போட்டு எழுப்பிய அந்த மச்சில், ஏணி வைத்து ஏறி, நான்கைந்து பேர் உறங்குவர். பகலில் அடுப்பைப் போலக் காயும் தகரம் பின்னிரவில் சில்லிட்டு, உள்ளே உறங்குவோர் மூச்சையே நீர்த்துளியாக்கி அவர்கள் முகத்தில் சொட்டவிடும். மாநகருக்குக் காலைப் பலகாரமாக இட்டலியைச் சுமந்து செல்வோர் அந்த மச்சுகளிலிருந்துதான் வைகறை மூன்று மணிக்கு இறங்குகின்றனர். அண்டாவின் ஆவி அவர்களுக்கு அன்று ஒரு பேறாக இருந்திருக்கும். கும்பார்வாடாக் குயவர்களின் சூளைப் புகை மேலே எழாமல் தெருவிலேயே படுத்துக்கிடந்தது. செம்பூர்ப் பக்கம் உர ஆலையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் விடும் புகையும் அவ்வாறே. கீழே குளிர்ந்த காற்றும் மேலே வெதுவெதுப்பான காற்றுமாக நின்றுவிட்டால், புகைக்குப் போக்கிடம் இல்லை. நடைபாதைகளில் தாளையும் பழைய இரப்பர்க் குழாயையும் எரித்துக் குளிர்காய்ந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பிறர் துன்பத்தில் பயன் காண்பதையும் நம் வழக்கு குளிர்காய்தல் என்றே சொல்லும். அந்த வாரம் மாட்டுங்காவில் குளிர்காய்ந்தவர் எவர், தாராவியில் குளிர்காய்ந்தவர் எவர் என்று பகுத்துப் பார்க்க நமக்கே நாணமாக இருந்தது.

நாம் சிலர் சேர்ந்து, பெயர்ப்பலகை ஏதுமின்றி, ஆண்டுதோறும் பொங்கலன்று நடைபாதைவாசிகளுக்கும் இரவுக் காவலர்களுக்கும் கம்பளி வழங்குவது வழக்கம். அவ்வாண்டு 150 வாங்கினோம். 139 வழங்கினோம். குளிர் இறங்கிய அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையன்று கணக்கு முடிக்கக் கூடினோம். சன்னல்களை அடைத்துவிட்டு, கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு, வரவும் செலவும் படித்தோம். மிச்சம் 11 கம்பளி அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லப்படுகிறது என்று பொருளாளர் படித்தார். நாமும் கை உயர்த்தினோம். அப்போதுதான் தேநீர்த் தட்டோடு அக்கட்டடத்தின் இரவுக் காவலாளி உள்ளே வந்தார். நெல்லைச் சீமைக்காரர், அறுபதை எட்டியவர்.

"அண்ணாச்சி, கம்பளி மிச்சம் ஏதும் கிடக்கா?" என்றார்.

"பொங்கலுக்குத்தான் ஒண்ணு கொடுத்தோமே!"

"அது ஊருக்குக் கொடுத்துவிட்டுட்டேன், அண்ணாச்சி. அம்மாவுக்கு. நம்ம பய ஒருத்தன் போனான்."

பொருளாளர் நல்லவர். கணக்கில் பிழை பொறாதவர். "குளிரெல்லாம் முடிஞ்சு போச்சு; பிப்ரவரி ஆயிடுச்சே. அடுத்த பொங்கலுக்குப் பார்ப்போம்" என்றார். அவர் வாயிலிருந்து அச்சொல் புகையாக வெளிவராததுதான் குறை. அறை அத்தனை குளிர்ந்திருந்தது. காவலாளி சிரித்துக்கொண்டே குவளைகளை எடுத்துப் போனார். அவர் போன பின் ஒருவர் கேட்டார்: "மும்பைக் குளிருக்குக் கொடுத்ததை நெல்லைக்கு அனுப்பினால் எப்படி? தையில் நெல்லையில் என்ன குளிர் இருக்கிறது?" நாம் அதற்கு விடை சொல்லவில்லை. நம் வாய் அடைத்துக்கிடந்ததற்குக் காரணம் அறிவு அன்று, சோம்பல்.

அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்து வந்து நாம் பலநாள் புரட்டிப் பார்த்தோம். நெல்லையில் தைக்குளிர் கம்பளிக்கு உரியது அன்றுதான். அவ்வாறாயின், அம்முதியவளுக்கு அக்கம்பளி எதற்கு? இவ்விடத்தில் வையாவிக் கோப்பெரும் பேகனை நினையாதிருக்க இயலாது. தோகை விரித்து நின்ற மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்த வள்ளல் அவன். மயிலுக்குப் போர்வை வேண்டியதில்லை என்பது அவனுக்கும் தெரியாததன்று. பள்ளிப் பருவத்தில் இதனைக் கேட்டபோது நாம் சிரித்தோம். ஆசிரியர் அதற்குக் கொடைமடம் என்று பெயர் சொன்னார். கொடுக்கும்போது அறிவு சற்றே கண்ணயர்வது என்று பொருள் கொள்ளலாம். பரணர் அதனை இழிவாகச் சொல்லவில்லை. பயன் பாராமல் எங்கும் பொழியும் மழையோடு ஒப்பிட்டே பாடினார்.

ஆனால், பேகன் கதையின் மறுபாதியைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. மயிலுக்கு இரங்கிய அவன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வாழ்ந்தான். சிலப்பதிகாரக் கண்ணகி அல்லள், இவள் வேறு. கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்னும் புலவர் நால்வர் அவன்பால் சென்று, பொன் வேண்டா, தேர் வேண்டா, அவளிடம் மீண்டு செல்வதே எமக்கு நீ தரும் பரிசில் என்று வேண்டினர். புறநானூற்றில் அப்பாடல்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. காட்டு மயிலின் குளிர் கண்ணில் பட்டது; வீட்டுக்குள் ஒருத்தி கொண்ட நடுக்கம் பட்டிலது. பரிசிலுக்கு வந்த புலவர்கள் பரிசிலையே மாற்றிக் கேட்டதைப் போன்றதொரு துணிவு உலக இலக்கியத்தில் எத்தனை இடத்தில் உண்டு என்று நமக்குத் தெரியவில்லை. இரங்கும் உள்ளம் ஒருவனிடம் இருப்பது மட்டும் போதாது; அது எத்திசை நோக்குகிறது என்பதையும் ஒருவர் சென்று சொல்ல வேண்டியிருக்கிறது.

காவலாளியும் பேகனைப் போலத் தேவையில்லாத இடத்துக்குப் போர்வை அனுப்பியவர்தாமா? நாம் அவ்வாறு கருதவில்லை. தொல்காப்பியர் பாலைத்திணைக்குப் பொழுது வகுக்கும்போது, நண்பகலும் வேனிலும் என்று சொன்னதோடு அமையாமல், பின்பனியும் அதற்கு உரியது என்று தனியே சேர்த்தார். பாலை என்றால் பிரிவு. வெயிலைப் பிரிவுக்கு உரியதாக்கியது எளிதில் விளங்கும்: பொருள் தேடிப் போகிறவன் நடக்கும் சுரம் அது. பின்பனியை ஏன் சேர்த்தார்? நாம் கொள்ளும் பொருள் இது: வெயில், போனவனுடைய பொழுது; பின்பனி, இருப்பவளுடைய பொழுது. எல்லார்க்கும் குளிர் விடைபெற்ற பின்னும் பிரிந்திருப்பவர்க்கு அது விடைபெறுவதில்லை. நெல்லையிலிருந்தும் சேலத்திலிருந்தும் தோல் பதனிடவும் சுமை தூக்கவும் தாராவிக்கு வந்து சேர்ந்தவர்கள் அனைவரும் பொருள்வயிற் பிரிந்தவர்களே. அவர்களுடைய ஊரில் வெப்பமானி எதைக் காட்டினும், தாயர்க்கும் மனைவியர்க்கும் அங்கே நடந்தது பின்பனிக்காலமே. அக்கம்பளியை அவர் குளிருக்காக அனுப்பவில்லை, தொலைவுக்காக அனுப்பினார். கொடுத்த பொருள் கொடுக்கப்பட்டவனுக்கே உரியது. அதனை அவன் வேறொருவருக்குக் கொடுக்கும்போது நம்மைக் கேட்க வேண்டியதில்லை. இவ்வளவும் அன்று கூட்டத்தில் சொல்லியிருக்க வேண்டியவை. வீட்டில் நாற்காலியில் அமர்ந்து சொல்வது எளிது.

இனி, பொருளாளரின் சொல்லுக்கு வருவோம். குளிர் முடிந்தது, பிப்ரவரி ஆயிற்று என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நாட்காட்டியை நம்பினார். அதனை நாமும் எளிதில் இகழ்தல் ஆகாது. நாட்காட்டி இல்லாவிடில் நாம் பொங்கலன்றும் கம்பளி கொடுத்திருக்க மாட்டோம். மனிதரின் இரக்கம் தானே ஊறும் ஊற்று அன்று. பெரும்பாலும் அது முறைவைத்துத் திறக்கும் மதகு. திதி என்று ஒன்று இருப்பதால்தான் மறைந்த தந்தையை ஆண்டுக்கு ஒருமுறையேனும் நினைக்கிறோம். ஆகவே, கொடைக்குத் தொடக்கநாள் வேண்டும் என்பதை ஒப்புகிறோம். அதற்கு முடிவுநாளும் வேண்டுமா என்பதே வழக்கு. எல்லையற்ற கடமையை எவரும் சுமக்க இயலாது; முடிவு வைக்காத கொடையாளி தானே இரவலனாவான் என்பர். சரிதான். ஆயின், நம் அலமாரியில் 11 கம்பளி கிடந்தது. பொருள் தீர்ந்து கொடை நின்றிருந்தால் அது வறுமை. பொருள் இருக்க, தேதி தீர்ந்து கொடை நின்றால் அதற்கு என்ன பெயர்? வள்ளுவர் ஒப்புரவறிதலில், செல்வம் சுருங்கிய பருவத்திலும் கடமை அறிந்தவர் தளரார் என்னும் கருத்தை வைத்தார். அது கொடுப்பவனின் பருவம். பெறுபவனின் பருவம் நம் பருவத்தோடு ஒத்துவராதபோது எதனைக் கொண்டு அளப்பது?

காலம் கடந்து வரும் குளிர் அளவில் சிறிதாயினும் தீமையில் பெரிது என்பதை உழவர் அறிவர். கடுங்குளிர்காலத்தில் மரம் உறங்குகிறது, எதையும் தாங்கும். வெதுவெதுப்பைக் கண்டு மொட்டு விட்ட பின் வரும் சிறு பனி அதனைக் கருக்கிவிடும். 2021 ஏப்ரலில் பிரான்சு நாட்டுத் திராட்சைத் தோட்டக்காரர்கள் இரவெல்லாம் கொடி வரிசைகளின் இடையே தீ மூட்டிக் காத்திருந்ததும், அப்படியும் பெரும்பகுதியை இழந்ததும் இதனால்தான். நம் அண்டையிலுள்ள இரத்தினகிரி மாமரமே போதிய சான்று. குளிர் வந்தால்தான் அல்போன்சா பூக்கும். அதே குளிர் போகாமல் நீடித்தால், பிஞ்சு பிடித்த கிளையிலேயே மரம் மறுபடியும் பூக்கத் தொடங்கும். புதுப்பூவுக்கு உணவு போக, பழைய பிஞ்சு உதிரும். பூவைத் தந்த குளிரே பிஞ்சைப் பறிக்கிறது. மனிதர் நிலையும் இதுவே. மார்கழியில் குளிரை எதிர்பார்த்து ஆயத்தமாய் இருப்பவன், கம்பளியை ஊருக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கும்போது வரும் குளிரில் மடிகிறான்.

சட்டமும் பருவம் பார்க்கிறது. மும்பை நடைபாதைவாசிகள் தொடுத்த புகழ்பெற்ற வழக்கில், 1985 ஜூலையில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, பிழைக்கும் உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று கூறியது. அகற்றுவதற்கும் இடம் தந்தது. ஆனால், மழைக்காலம் கழிந்து ஒரு திங்கள் ஆகும்வரை, அதாவது அக்டோபர் 31 வரை, அகற்றலாகாது என்றது. மழையில் ஒருவனைத் தெருவிலிருந்தும் துரத்தலாகாது என்பதை நீதி அறிந்திருந்தது. நவம்பருக்குப் பின் வருவதை அது எண்ணவில்லை. மும்பைக்கு ஏது குளிர்? தில்லியில் 2009 டிசம்பரில் ஒரு தற்காலிகத் தங்குமிடம் இடிக்கப்பட்டு, குளிரில் வீடற்றோர் மடிந்த செய்தி எழுந்த பின், 2010இல் அதே நீதிமன்றம், பெருநகரங்களில் நூறாயிரம் பேருக்கு ஒரு தங்குமிடம் வேண்டும் என்றும், அவை குளிர்காலத்துக்கு மட்டுமன்றி ஆண்டு முழுதும் இயங்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. ஆண்டு முழுதும் என்னும் அந்த இரு சொற்களை நாம் மிகவும் மதிக்கிறோம். நாட்காட்டியிலிருந்து முடிவுநாளைக் கிழித்தெறிந்த சொற்கள் அவை. நடைமுறையில் தங்குமிடங்கள் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை என்பது வேறு.

கம்பளியோடு நின்றிருந்தால் இக்கட்டுரையை எழுதத் துணிந்திருக்கமாட்டோம். செம்பூரில் நம் நண்பர் ஒருவர் மறைந்தார். பதினாறாம் நாள் காரியம்வரை அவ்வீட்டில் நிற்க இடமில்லை. மாட்டுங்காவிலிருந்து பூவும் பழமும், தாராவியிலிருந்து பழைய தோழர்களும், அடுக்களையில் எவரேனும் ஒருவர் சமைத்தபடியும் இருந்தனர். பதினேழாம் நாள் முதல் அழைப்பு மணி ஓய்ந்தது. ஏழாம் மாதம் ஒரு வேலையாக அவ்வழியே சென்ற நாம், போகாமல் இருப்பது முறையன்று என்று உள்ளே சென்றோம். அந்த அம்மையார் கதவைத் திறந்து, "வாங்க, அண்ணா. இன்னைக்கு என்ன நாள்?" என்று கேட்டார். திதி ஏதேனும் வந்துவிட்டதோ, தாம் மறந்துவிட்டோமோ என்னும் அச்சம் அந்தக் குரலில் இருந்தது. நாளொன்றும் இல்லை என்று நாம் சொல்ல, அவர் சற்று நேரம் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னர் அழுதார். பதினாறு நாளும் அழாதவர் என்று அப்போதுதான் தெரிந்தது. துக்கத்துக்கும் பின்பனி உண்டு. அது பின்னிரவில் விழுகிறது. நாம் அனைவரும் அப்போது உறங்கிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பிப்ரவரிக் குளிர் சில நாளில் தணிந்தது. கடற்காற்று மீண்டது. நாமும் மறந்தோம் என்று எழுதுவது உண்மைக்கு நெருங்கியது; மறக்க முயன்றோம் என்பது அதனினும் நெருங்கியது. பங்குனி பிறந்து, இரவிலும் மின்விசிறி சுழலத் தொடங்கிய ஒரு நாள், பொருளாளரே நம் வீட்டுக்கு வந்தார். கையில் அலமாரிச் சாவி. அவரும் உறங்கவில்லை போலும். நாம் இருவரும் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு அந்தக் கட்டடத்துக்குப் போனோம். கணக்கில் 11 என்றிருந்ததை 10 என்று அவரே திருத்தி, ஓரத்தில் கையொப்பமும் இட்டிருந்தார்.

காவலாளி சட்டையைக் கழற்றி நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு விசிறிக்கொண்டிருந்தார். கம்பளியைக் கண்டதும் எழுந்து, இரு கையாலும் வாங்கினார். வேர்வை அரும்பிய நெற்றியோடு அதை ஒருமுறை விரித்துப் பார்த்தார். நெய்த்தரம் பார்ப்பவரைப் போல விரலால் நெருடினார்.

"அம்மா என்ன சொன்னாங்க?" என்று பொருளாளர் கேட்டார்.

"விரிச்சே பாக்கலையாம், அண்ணாச்சி. பெட்டியில வச்சிருக்காளாம்."

சொல்லிவிட்டு, புதுக்கம்பளியை நான்காக மடித்து நாற்காலியில் இட்டு, நாம் நிற்கிறோம் என்பதால் தாம் உட்காராமல் நின்றார். நாம் படியிறங்கித் தெருவுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, அதன்மேல் அமர்ந்து மறுபடி விசிறிக்கொண்டிருந்தார்.